66 அடிச் சாலைக்கு அப்பால்: ஒரு கைத்தொலைபேசிக் கோபுரமும் எங்கள் எதிர்ப்பும்

பினாங்குத் தீவில் எங்கள் தாமானுக்குள் (குடியிருப்புப் பகுதிக்குள்) கைத்தொலைபேசிக் கோபுரம் ஒன்றை எழுப்ப 2022-இல் விண்ணப்பம் வந்தது. எதிர்த்தோம். கோபுரம் வேறிடத்துக்குப் போனது. அன்று இதை வெற்றி என்றுதான் சொல்லிக்கொண்டோம். கோவிலில் அர்ச்சனைகூடச் செய்தோம். ஒன்பது மாதம் கழித்துத்தான் அதன் மறுபக்கம் எனக்குத் தெரிந்தது. நான் தமிழ்ப்பள்ளி ஆசிரியர். அப்போது குடியிருப்பாளர் சங்கத்தின் துணைச் செயலாளராக இருந்தேன். எதிர்ப்பு மனுவை எழுதியவனும் நான்தான். இதேபோன்ற விண்ணப்பம் வரும் மற்ற தாமான்களுக்கு உதவட்டும் என்று நடந்ததை வரிசையாகப் பதிவுசெய்கிறேன். ஆள்கள், நிறுவனங்கள், தாமான் எதன் பெயரையும் எழுதவில்லை.

பின்னணி

ஆயர் ஈத்தாம் பக்கம் மலையடிவாரத்தில் இருக்கிறது எங்கள் குடியிருப்பு. ஒரு பக்கம் புக்கிட் பெண்டேரா மலைத்தொடர், மறுபக்கம் உயர்ந்த அடுக்குமாடிகள். வெயிலுக்கு மலைக்குப் பின்னால் நிழல் விழுவதுபோல, கைத்தொலைபேசி அலைக்கும் நிழல் உண்டு. நாங்கள் அந்த நிழலுக்குள் இருந்தோம். வரிசை வீடுகள் நூற்றுச் சொச்சம். பெரிய சாலையின் எதிர்ப்பக்கம் மலிவுவிலை அடுக்குமாடி இரண்டு புளோக். உள்ளே ஒரு காலிமனை. அதை ஒட்டி ஒரு சிறிய அம்மன் கோவில், பிள்ளைகள் விளையாடும் திடல். வாடகை வீட்டில் நடக்கும் பாலர் பள்ளி ஒன்றும் பக்கத்தில் உண்டு. தாமானின் கோடியில் பழைய கடைவரிசை.

18 மார்ச் 2020-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கிப் பள்ளிகள் மூடப்பட்டபோது இந்த நிழலின் விலை தெரிந்தது. என் மாணவி ஒருத்தி, ஐந்தாம் ஆண்டு, அடுக்குமாடியில் இருந்தாள். வீட்டுக்குள் ஒரு கோடு சிக்னல்கூடக் கிடையாது. நாலாவது மாடிப் படிக்கட்டுத் திருப்பத்தில் ஒரு வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்து, சன்னல் கம்பிக்கு வெளியே கையை நீட்டி வீட்டுப்பாடப் படத்தை அனுப்புவாள். எனக்கு அது இரவு ஒன்பது மணிக்கு வந்து சேரும். பிறகு 2021 இறுதிக்குள் நாடு முழுவதும் 3ஜி சேவை நிறுத்தப்பட்டது. பழைய கைத்தொலைபேசி வைத்திருந்த வயதானவர்களுக்கு இருந்த கொஞ்சத் தொடர்பும் சிரமமானது.

இதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்வது நேர்மையாக இருக்காது. 2021-இல் எங்கள் பகுதிக்குச் சிக்னல் வேண்டும் என்று சங்கத்தின் சார்பில் மனு எழுதியதும் நான்தான். நாட்டின் கைத்தொலைபேசி, இணையத் தொடர்பை மேம்படுத்த 2020-இல் அறிவிக்கப்பட்ட ஜெண்டேலா திட்டத்தைச் சுட்டிக்காட்டி, மாணவர்களின் நிலையை இரண்டு பக்கத்துக்கு விவரித்திருந்தேன். அடுத்த ஆண்டு கோபுரம் வந்தபோது அதற்கு எதிராக எழுதியதும் இதே கைதான்.

ஒன்பது கடிதங்கள்

மலேசியாவில் நகர, கிராமத் திட்டமிடல் சட்டம் 1976, அதாவது சட்டம் 172, தீபகற்பத்தில் இதற்கான அடிப்படை. எந்த நிலம் எதற்கு என்று வகுத்து அரசிதழில் வெளியான உள்ளூர்த் திட்டம் இல்லாத இடத்தில் திட்டமிடல் அனுமதிக்கு விண்ணப்பம் வந்தால், பக்கத்து நிலத்தின் உரிமையாளர்களுக்கு ஊராட்சி மன்றம் எழுத்துமூலம் அறிவிக்க வேண்டும் என்கிறது பிரிவு 21(6). அறிவிப்பு உரியவரிடம் சேர்க்கப்பட்ட நாளிலிருந்து 21 நாளுக்குள் காரணங்களோடு ஆட்சேபிக்கலாம். அப்போது எங்களுக்கு அப்படிப்பட்ட உள்ளூர்த் திட்டம் இல்லாததால் அறிவிப்பு வந்தது. மன்றம் சட்டப்படியே செய்தது.

மொத்தம் ஒன்பது கடிதம். எல்லாம் மலாயில், பதிவுபெற்ற உரிமையாளரின் பெயருக்கு. அவற்றுக்கு என்ன ஆனது என்பதைப் பின்னர் ஒவ்வொரு வீடாகப் போய்க் கேட்டு எழுதிவைத்தேன். மூன்று வீடுகள் வாடகைக்கு விடப்பட்டவை. உரிமையாளர்கள் கோலாலம்பூரிலும் சுங்கை பட்டாணியிலும் இருந்தார்கள். வாடகைக்கு இருந்தவர்கள் உறையைப் பிரிக்காமல் எடுத்துவைத்திருந்தார்கள். ஒரு கடிதம் ஆறு ஆண்டுக்கு முன் இறந்துபோன பெரியவரின் பெயரில் வந்தது. கிராண்டில் (நில உரிமைப் பத்திரத்தில்) பெயர் மாற்றப்படவே இல்லை. மருமகள் அதை மின்சார பில்லோடு சேர்த்துக் குளிர்சாதனப் பெட்டியின் மேல் வைத்திருந்தார். "மாமா பேர்ல வர்றத நான் பிரிக்கிறதில்ல சார்" என்றார். பிரித்துப் படித்தது ஒரே ஒருவர், ஓய்வுபெற்ற சீனப் பெரியவர். அவர் ஆறாம் நாள் மாலை கடிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு என் வீட்டு வாசலுக்கு வந்தார்.

36 மீட்டர் உயரத்தில் ஒற்றைத்தூண் கோபுரம், கீழே கருவிகளுக்கு ஒரு கேபின், வேலி. இடம், கோவிலை ஒட்டிய காலிமனை.

வீணாய்ப்போன நாள்கள்

அன்றிரவே புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் கடிதத்தின் படம் போனது. அரை மணி நேரத்தில் பேச்சு முழுக்கக் கதிர்வீச்சு பற்றியதாகிவிட்டது. எங்கோ நடந்ததாகச் சொல்லப்பட்ட புற்றுநோய்க் கதைகள், இறந்த பறவைகளின் படங்கள், தலைக்குள் சிவப்பாய் எரியும் ஓவியங்கள். எங்கள் தெருவில் ஒரு தாய், தன் மூத்த மகளை ரத்தப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அவர் குழுவில் எழுதிய ஒரே வரி: "இன்னொரு பிள்ளைக்கு வேணாம்." அதற்குப் பிறகு யாராலும் வேறு எதையும் பேச முடியவில்லை. நானும் பேசவில்லை.

நான் எழுதிய முதல் மனுவில் மூன்று பக்கமும் கதிர்வீச்சுதான். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2011-இல் ரேடியோ அலைகளை '2பி' பிரிவில், புற்றுநோயை உண்டாக்கக் கூடும் என்று வகைப்படுத்தியதை அதில் தடித்த எழுத்தில் போட்டிருந்தேன். முந்நூறுக்கு மேல் கையொப்பம் திரட்டினோம். பதாகையும் தயார். இதற்குள் பதினோராம் நாள் ஆகிவிட்டது.

அடுக்குமாடியில் ஒரு தங்கை, வழக்கறிஞர் அலுவலகத்தில் எழுத்தராக வேலை செய்பவர், மனுவை வாங்கி நிதானமாகப் படித்தார். "சார், இது முழுக்க மன்றம் முடிவு செய்ற விஷயமே இல்லையே" என்றார். அலைகளின் அளவுக்கு வரம்பு வைப்பதும் கண்காணிப்பதும் மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையத்தின் வேலை. நிலத்தை என்ன காரியத்துக்குப் பயன்படுத்தலாம், அந்த இடம் அதைத் தாங்குமா என்பதுதான் மன்றம் பார்க்கும் கேள்வி. நாங்கள் அந்தக் கேள்விக்கு ஒரு வரிகூடப் பதில் எழுதவில்லை.

கையொப்பங்களிலும் சிக்கல். முந்நூறு பேரில் சட்டம் சொல்லும் பக்கத்து நில உரிமையாளர் இரண்டே பேர்.

பன்னிரண்டு சென்டிமீட்டர்

பக்கத்து நிலம் எது என்பதைப் பிரிவு 21(8) வரையறுக்கிறது. ஒட்டியிருக்கும் நிலம். அல்லது சாலை, சந்து, வாய்க்கால், ஒதுக்கீட்டு நிலம் ஆகியவற்றால் பிரிக்கப்பட்டிருந்தாலும், அந்த இடைவெளி 20 மீட்டரைத் தாண்டாத நிலம். முட்டுச்சந்து வழியாகத்தான் போகவேண்டிய மனை என்றால், அதே வழியைப் பயன்படுத்தும் 200 மீட்டருக்குள் உள்ள நிலங்களும் சேரும். காலிமனை பெரிய சாலைக்கு முகம் காட்டியிருந்தது, முட்டுச்சந்து இல்லை. ஆகவே அடுக்குமாடிக்காரர்களுக்கு உரிமை உண்டா என்பது அந்தச் சாலையின் அகலத்தில் நின்றது.

பன்னிரண்டாம் நாள் இரவு, வாகனம் குறைந்த பிறகு, தச்சு வேலை செய்யும் ஒரு அண்ணனின் நாடாவை எடுத்துக்கொண்டு நாலு பேர் சாலைக்குப் போனோம். ஒருவர் கைவிளக்கைப் பிடித்துக்கொண்டார். வடிகாலின் ஓரத்திலிருந்து எதிர் வடிகாலின் ஓரம்வரை அளந்தால் 17 மீட்டர் சொச்சம். எல்லாருக்கும் மகிழ்ச்சி. அடுக்குமாடி உள்ளே வந்துவிட்டது என்று அங்கேயே கைகுலுக்கினோம்.

மறுநாள் மன்றத்தின் முகப்பில் ஓர் அதிகாரி பொறுமையாக வரைபடத்தை விரித்துக் காட்டினார். அளக்க வேண்டியது தாரையும் வடிகாலையும் இல்லை. சாலைக்கென்று ஒதுக்கிய நிலத்தின் முழு அகலம். வரைபடத்தில் அது 66 அடி. பழைய நில அளவையில் ஒரு சங்கிலி நீளம்; நம் நாட்டில் எத்தனையோ சாலைகளுக்கு இதே அகலம்தான். மீட்டரில் 20.12. வரம்பை 12 சென்டிமீட்டர் தாண்டுகிறது. ஒரு சாண் என்பது இதைவிட அதிகம். அந்த அளவுக்குள் இரண்டு புளோக்கின் குடும்பங்கள் அத்தனையும் சட்டத்தின் பார்வைக்கு வெளியே போயின. படிக்கட்டில் வாளி போட்டு உட்கார்ந்த பிள்ளையின் குடும்பமும்தான்.

கோவிலுக்கும் கடிதம் வரவில்லை. கோபுரம் வரப்போகும் இடத்துக்கு மிக அருகில் இருந்தது அதுதான். கருவறைச் சுவரிலிருந்து வேலிவரை 14 மீட்டர் என்று நாங்களே அளந்தோம். ஆனால் கோவில் நிற்கும் நிலத்துக்குக் கோவில் குழு உரிமையாளர் இல்லை. தோட்டக் காலத்திலிருந்தும் கம்பக் (கிராமக்) காலத்திலிருந்தும் நிற்கும் நம் கோவில்கள் பலவற்றின் நிலை இது. புதிதாக விளக்க வேண்டியதில்லை. பாலர் பள்ளி ஆசிரியையும் வாடகைக்கு இருப்பவர். அவருக்கும் கடிதம் இல்லை.

எட்டு நாள் மிச்சம் இருந்தது.

விளக்கக் கூட்டம்

பதினான்காம் நாள் மாலை கோவில் மண்டபத்தில் கூட்டம் போட்டோம். நிறுவனத்தின் சார்பில் ஒரு பொறியாளர் வந்தார். இளைஞர், தமிழர், மரியாதையாகப் பேசினார். அவர் சொன்னதில் தவறு எதுவும் இல்லை என்று இன்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியும். ஆண்டெனாவின் அலை டார்ச் விளக்கின் ஒளிபோல முன்னோக்கிச் சற்றே கீழ்ச்சாய்வாகப் போகிறது. கோபுரத்தின் நேர் அடியில் விழுவது குறைவு. தூரம் இரண்டு மடங்கானால் செறிவு நாலில் ஒன்றாகிவிடும். பொதுமக்களுக்கான அனைத்துலக வரம்பு 900 மெகாஹெர்ட்ஸ் அலைக்குச் சதுர மீட்டருக்கு 4.5 வாட், 1800-க்கு 9 வாட். சிக்னல் பலவீனமான இடத்தில்தான் கைத்தொலைபேசி தன் சக்தியைக் கூட்டி, காதருகே அதிகமாக அனுப்புகிறது. நான் ஆசிரியன், இந்தக் கடைசிச் செய்தி என்னை உலுக்கியது. இரண்டு ஆண்டு அந்தப் பிள்ளையின் கையில் இருந்த கருவி அப்படித்தானே வேலை செய்திருக்கும்?

பிறகு யாரோ '2பி' பட்டியலைக் கேட்டார்கள். "அதே பட்டியலில் ஆசிய முறை ஊறுகாய்க் காய்கறியும் இருக்குங்க" என்றார் பொறியாளர். அதுவும் உண்மை. பின்வரிசையில் இரண்டு பேர் சிரித்தார்கள். மகளை இழந்த அந்தத் தாய் எழுந்தார். சேலைத் தலைப்பை இழுத்துச் சொருகிக்கொண்டு, யாரையும் பார்க்காமல், மண்டபத்தின் பக்கவாசல் வழியாக வெளியே போனார். செருப்பைப் போட மறந்து, பாதி வழியில் திரும்பிவந்து எடுத்துக்கொண்டு போனார். அதன்பிறகு பொறியாளர் என்ன சொன்னாலும் யார் காதிலும் ஏறவில்லை.

தன் வீட்டில் நடந்த சாவைப் பற்றி ஒருவர் பேசும்போது, அதற்குப் பதிலாக ஓர் ஒப்பீட்டைத் தருவது எவ்வளவு சரியான ஒப்பீடாக இருந்தாலும் அடியாகத்தான் விழும். அந்த இளைஞர்மேல் எனக்குக் கோபம் இல்லை. கூட்டத்தை நடத்தியவன் நான். அந்த அம்மாவை முன்பே தனியாகச் சந்தித்து, அவர் கேட்க நினைப்பதைக் கேட்டு, அதைப் பொறியாளரிடம் சொல்லிவைத்திருக்க வேண்டியவனும் நான்.

எடுத்த முடிவும் காரணமும்

பதினைந்தாம் நாள் செயற்குழுவில் மூன்று முடிவுகள் எடுத்தோம்.

எதிர்ப்பது கோபுரத்தை அல்ல, இந்த இடத்தை என்பது முதல் முடிவு. இதற்கே இரண்டு மணி நேர வாதம் நடந்தது. சிக்னல் வேண்டாம் என்று சொல்லும் தகுதி எங்களுக்கு இல்லை என்றேன். நாங்களே கேட்டது அது. வேறிடத்தில் வைக்கலாம் என்று ஒத்துக்கொண்டால் பிடி தளர்ந்துவிடும் என்றார் செயலாளர். ஒரு தம்பி தாமான் ரிம்பா கியாரா தீர்ப்பை எடுத்துக்கொண்டு வந்தார். கோலாலம்பூர் தாமான் துன் டாக்டர் இஸ்மாயிலில் பூங்கா நிலத்தில் உயர்மாடி கட்டத் தந்த அனுமதியை மேல்முறையீட்டு நீதிமன்றம் 27 ஜனவரி 2021-இல் ரத்து செய்திருந்தது. (18 ஏப்ரல் 2023-இல் கூட்டரசு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது.) "அவங்க ஜெயிச்சாங்க, நாமளும் ஜெயிக்கலாம்" என்றார். எழுத்தர் தங்கை குறுக்கிட்டார். அங்கே கூட்டரசுப் பிரதேசத்துக்கென்று தனிச் சட்டம், 1982-இன் சட்டம் 267, பொது நிலம், நீதிமன்றத்தில் பல ஆண்டு. நமக்கு ஆறு நாள். அந்த வழக்கை நான் வேறு காரணத்துக்காகவும் நினைத்துக்கொண்டிருந்தேன். அதே திட்டத்துக்குள்தான் நீண்டவீடுகளில் காத்திருந்த முன்னாள் புக்கிட் கியாரா தோட்டத் தொழிலாளர் குடும்பங்களுக்கான வீடும் இருந்தது. ஒரே இடத்தை எதிர்ப்பவர்களும் அதை எதிர்பார்த்திருப்பவர்களும் பக்கத்துப் பக்கத்தில்தான் இருக்கிறார்கள் என்பதை அந்த வழக்கு காட்டியிருந்தது. அப்போது எனக்குப் புரிந்தது அவ்வளவுதான். போதாது என்பது பிறகு தெரிந்தது.

மனுவில் கதிர்வீச்சைக் கடைசிக்குத் தள்ளுவது இரண்டாவது முடிவு. நிலத்தின் கிராண்டில் குடியிருப்புக்கு என்று நிபந்தனை இருக்கிறது. 36 மீட்டர் உயரம் சாய்ந்தால் எட்டும் தூரத்துக்குள் கோவிலும் திடலும் பாலர் பள்ளியும் வருகின்றன. பாரந்தூக்கி நுழைய வேண்டிய சந்து 2017 நவம்பர் வெள்ளத்தில் இடுப்பளவு நீர் நின்ற இடம், வடிகால் பலவீனமானது. வேறு இடம் ஆராயப்படவில்லை. இவற்றை முன்னால் வைத்தோம். கதிர்வீச்சு பற்றிக் கேட்டது ஒன்றே: எங்கே அமைந்தாலும், இயக்குவதற்கு முன்னும் பின்னும் தகுதியுள்ள அமைப்பு அளந்து, முடிவை மக்களிடம் தரவேண்டும்.

ஒன்பது உரிமையாளர்களையும் தேடிப்பிடிப்பது மூன்றாவது. பதினேழாம் நாள் இருவர் சுங்கை பட்டாணிக்குக் காரில் போனார்கள். கோலாலம்பூரில் இருந்தவர் மின்னஞ்சலில் கையொப்பமிட்டு அனுப்பினார். இறந்தவரின் வீட்டுக்கு மகன் தன் பெயரில், தந்தையின் மரணச் சான்றிதழின் நகலை இணைத்துக் கொடுத்தார். இருபதாம் நாள் மதியம் ஏழு ஆட்சேபங்களை மன்றத்தில் கொடுத்து முத்திரை வாங்கினோம். ஒவ்வொன்றிலும் நேரில் விசாரிக்கக் கோரும் வரியைச் சேர்த்திருந்தோம். கேட்டால்தான் அழைப்பார்கள் என்று எங்களுக்குச் சொல்லப்பட்டது. முந்நூறு கையொப்பங்களைத் துணை ஆவணமாக இணைத்தோம். சட்டப்படி அதற்கு எடை இல்லாவிட்டாலும் அடுக்குமாடிக்காரர்களின் பெயர் எங்காவது இருக்கட்டும் என்று நினைத்தோம்.

விசாரணை

அது சுருக்கமாக முடிந்தது. எங்கள் தரப்பில் மூவர் பேசினோம். மலைப்பக்கம் மேலே ஏற்றிவிடலாமே என்று ஓர் அண்ணன் கேட்டார். பினாங்கில் 76 மீட்டருக்கு மேல் உள்ள நிலம் மலைநிலமாகக் கொள்ளப்படுகிறது. 25 பாகைக்கு மேற்பட்ட சரிவுக்கும் கட்டுப்பாடு உண்டு. அந்தச் சரிவு இரண்டிலும் சிக்கியது. 2017-இல் மண்சரிவுகளைக் கண்ட தீவு இது; அந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்தச் சொல்லும் துணிவு எங்களுக்கும் இல்லை.

அப்போது நான் எழுந்து, கடைவரிசையின் பின்னால் மின்நிலையத்தை ஒட்டி ஒரு துண்டு நிலம் சும்மா கிடக்கிறது என்றேன். வீடுகள் தள்ளியிருக்கின்றன, லாரி போக அகலமான வழி இருக்கிறது, தாழ்வான இடமும் இல்லை. நிறுவனத்தின் ஆள் குறித்துக்கொண்டார்.

இரண்டு மாதத்தில் காலிமனை விண்ணப்பம் திரும்பப் பெறப்பட்டது. நான் காட்டிய இடத்துக்கு, 30 மீட்டர் உயரத்தில், புது விண்ணப்பம் போனது. அங்கே அறிவிப்பு பெற்றவர்கள் கடைகளின் உரிமையாளர்கள். 21 நாள் கழிந்தது. ஓர் ஆட்சேபம்கூட இல்லை. யாருக்கும் மறுப்பில்லாத இடத்தைக் கண்டுபிடித்துக் கொடுத்தோம் என்று ஆண்டுப் பொதுக்கூட்ட அறிக்கையில் நான் எழுதினேன்.

கடைவரிசையின் பின்புறம்

கோபுரம் 2023-இல் இயங்கத் தொடங்கியது. அடுக்குமாடியில் வீட்டுக்குள்ளேயே சிக்னல் வந்தது. அளவெடுத்த முடிவையும் வாங்கினோம்: ஐந்து இடங்களில் அளந்ததில் எதுவும் வரம்பில் நூறில் ஒரு பங்கைக்கூடத் தொடவில்லை. மகளை இழந்த அம்மாவிடம் அந்தத் தாளைக் கொண்டுபோய்க் கொடுத்து, தமிழில் வாசித்துக் காட்டினேன். கேட்டுக்கொண்டார். "சரிங்க சார்" என்றார். அதற்குமேல் எதுவும் சொல்லவில்லை, நானும் வற்புறுத்தவில்லை.

சில வாரம் கழித்துக் காலையில் புட்டுமாயம் (இடியாப்பம்) வாங்கக் கடைவரிசைக்குப் போனேன். அங்கே விற்கும் பாட்டியை இருபது ஆண்டாகத் தெரியும். அவர் கடையின் பின்புறத்தில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்துத் தங்கியிருக்கிறார் என்பது மட்டும் தெரியாது. கேட்டதில்லை. அன்று புட்டுமாயத்தை இலையில் வைத்து, தேங்காய்ப்பூவும் நாட்டுச் சர்க்கரையும் தூவிக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னார்: "சார், உங்க பக்கம் வேணாம்னத இந்தப் பக்கம் காட்டிவிட்டது நீங்கதானாமே. என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?"

அவரோடு பின்னால் போய்ப் பார்த்தேன். ஒற்றைச் சன்னல் அறை. கட்டில் ஒட்டியிருந்த சுவரின் வெளிப்பக்கத்தில், கையை நீட்டினால் தொட்டுவிடும் தூரத்தில், கேபினின் குளிரூட்டி ஓடிக்கொண்டிருந்தது. உரத்த சத்தம் என்று சொல்ல முடியாது. ஆனால் நிற்காத சத்தம். கட்டில் கம்பியில் உள்ளங்கையை வைத்தால் அதிர்வு தெரிந்தது. பாட்டி மாவு பிழிய விடியற்காலை மூன்று மணிக்கு எழுபவர். எட்டு மணிக்கே படுப்பவர். மாடியறையில் நேப்பாளத் தொழிலாளர்கள் ஏழு பேர், முறைமாற்றி வேலைக்குப் போய்வந்து பகலில் தூங்குகிறவர்கள். இவர்களில் ஒருவருக்கும் அறிவிப்பு வரவில்லை. எட்டுப்பேருக்கும் அங்கே நிலம் இல்லை. "வீடுகள் தள்ளியிருக்கின்றன" என்று விசாரணையில் நான் சொன்னபோது நான் எண்ணியது வீடுகளை. அங்கே தூங்குகிறவர்களை எண்ணவில்லை.

எங்கள் கோவிலுக்குக் கடிதம் வராததை அநியாயம் என்று மனுவில் எழுதியவன், அதே அநியாயத்தை நூறு மீட்டர் தள்ளி என் கையாலேயே செய்திருந்தேன்.

சங்கத்தின் பெயரில் நிறுவனத்துக்கு எழுதினோம். முதல் கடிதத்துக்குப் பதில் இல்லை. இரண்டாவதில் பாட்டியின் அறையில் இரவு பதிவுசெய்த ஒலியையும் வரைபடத்தையும் இணைத்தோம். நாலு மாதம் கழித்துக் குளிரூட்டியை மின்நிலையப் பக்கம் திருப்பி, இடையில் ஒலித்தடுப்புப் பலகை வைத்தார்கள். சத்தம் குறைந்தது. போகவில்லை. பாட்டி கட்டிலை எதிர்ச்சுவருக்கு மாற்றிக்கொண்டார். நாங்கள் மூன்று பேர் போய்த் தூக்கி வைத்தோம்.

இனி எப்படிச் செய்வோம்

முதல் இரண்டு நாளைக்குள் அந்த இடத்தைச் சுற்றி நடப்போம். யார் பெயரில் நிலம் இருக்கிறது என்று பார்ப்பதற்கு முன்னால், யார் அங்கே உண்கிறார்கள், உறங்குகிறார்கள், கும்பிடுகிறார்கள் என்று எழுதுவோம். சட்டம் உரிமையாளர்களிடம் நிறுத்திக்கொள்கிறது. சங்கம் அங்கே நிறுத்த வேண்டிய கட்டாயம் இல்லை. கதிர்வீச்சு பற்றிய அச்சத்தை ஒதுக்காமல், அதற்குரிய ஆணையத்திடம் தனிக் கடிதமாக முதல் வாரமே கொண்டுபோவோம். அப்போது மன்றத்துக்கான மனுவில் நிலத்தைப் பற்றிப் பேச நாள் மிஞ்சும். மாற்று இடம் ஒன்றைச் சொல்வதற்கு முன், அங்கே ஒரு பகலும் ஓர் இரவும் போய் நிற்போம். இந்த மூன்றாவது இல்லாவிட்டால் முதல் இரண்டும் எங்களை மட்டும் காப்பாற்றும்.

இன்னொன்று என் சொந்தக் கருத்து. செயற்குழுவில் எல்லாரும் ஏற்கவில்லை. கோபுரம் நிற்கும் நிலத்துக்கு மாத வாடகை போகிறது. அது நில உரிமையாளருக்கு. சத்தம் பாட்டிக்கு. காற்றாலைகளை வைத்து உலகின் பல ஊர்களில் நடக்கும் சண்டையும் இதே கணக்கில்தான் வந்து நிற்கிறது. இங்கிலாந்தில் 2015-இல் ஊர் மக்களின் ஆதரவு இல்லாமல் நிலப்பகுதியில் காற்றாலை கூடாது என்று அரசு விதித்ததும் புதிய திட்டங்கள் ஏறக்குறைய நின்றுபோயின. 2024-இல்தான் அதை எடுத்தார்கள். டென்மார்க் வேறு வழியில் போனது. 2009-இல் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி, 2020 வரை, புதிய காற்றாலை கட்டுபவர் குறைந்தது 20 விழுக்காட்டுப் பங்கை அக்கம்பக்கத்து மக்களுக்கு விற்க முன்வர வேண்டியிருந்தது. பக்கத்தில் வாழ்கிறவர்களுக்குக் கணக்கில் ஓர் இடம் கொடுத்த ஏற்பாடு அது. எங்கள் கோபுரத்தின் வாடகையில் ஒரு சிறு பங்கு கடைவரிசையில் வாடகைக்கு இருப்பவர்களின் மின்சாரச் செலவுக்குப் போயிருந்தால்கூட, பாட்டியிடம் ஒருவர் முன்கூட்டியே போய்ப் பேசவேண்டி வந்திருக்கும். இதைச் சங்கத்தின் அடுத்த கடிதத்தில் சேர்க்கச் சொல்லி இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

2024-இல் அதே கடைவரிசையின் மொட்டைமாடியில் சிறிய ஆண்டெனா வைக்கப்போவதாகத் தகவல் வந்தது. கடிதத்தை அன்றே தமிழிலும் நேப்பாளியிலும் பெயர்த்து, படிக்கட்டுத் திருப்பத்தில் ஒட்டினோம். நேப்பாளிப் பெயர்ப்பை மாடியறைத் தொழிலாளி ஒருவரே செய்து கொடுத்தார். நான் முதலில் தட்டியது பாட்டியின் கதவை. வாசித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "மெசினை எந்தச் சுவத்துல வைப்பாங்க?" என்றார். சங்கத்தின் கடிதத்தில் முதல் கேள்வியாக அதையே எழுதினோம்.